பசியாற வாய்யா

போன மாதம் ஒரு தோழி என்னை ஜெலுத்தோங்கில் ஒரு மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாரத்தில் ஒரு நாள் அங்கே பாட்டு வகுப்பு. பாடக் கற்றுக்கொடுக்கிற வகுப்பு இல்லை. மனம் நொந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் கதையை அவரவரே பாட்டாகக் கட்டுகிறார்கள். புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, மகன் பேச்சை நிறுத்திவிட்ட ஒரு தகப்பன், பெரிய நோயிலிருந்து எழுந்து வந்த ஒரு வாத்தியார். நடத்துகிற இளம்பெண் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் தன்மையாகப் பேசினாள். என் முறை வந்தபோது, "ராகம் தப்பினா பரவால்ல ஆன்ட்டி. உள்ள இருக்கிறத வாய்விட்டுப் பாடுங்க. ஆறிடும்" என்றாள்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். தோழி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"என்னலா இது, பாதியில எழுந்து வந்துட்டே? அந்தப் புள்ள என்ன நெனைக்கும்?"

"முட்டி வலிக்குது."

"பாடுறதுக்கு முட்டி எதுக்குடி?"

அவளுக்குப் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். நீங்களும் என் வயதுக்காரர்கள். தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் தூங்கியவர்கள். நான் சொல்ல வருவது உங்களுக்குப் பாதி முன்பே தெரிந்திருக்கும்.

எங்கள் பலகை வீடு பட்டறைகளுக்குப் பின்னால், கடலை ஒட்டி இருந்தது. நீலக் கடலை நினைத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் வடிந்தால் முழங்கால் ஆழத்துக்குச் சேறு, அதில் ஓடுகிற நண்டு, எங்கிருந்தோ வந்து ஒதுங்கிய ஒற்றைச் செருப்புகள். பட்டறையில் தகரம் தட்டும் சத்தமும் கறுப்பு எண்ணெய் வாடையும் சேற்று நாற்றமும் சேர்ந்ததுதான் எனக்கு வீடு. பிறகு அங்கே மண்ணைக் கொட்டி மேடாக்கிச் சாலை போட்டார்கள். எங்கள் வாசல் எந்த இடத்தில் இருந்தது என்று இப்போது என்னாலேயே காட்ட முடியாது.

அப்பா மண் லோரி ஓட்டினார். அம்மா வீட்டில் இருந்தாள். எனக்கு ஒரு தம்பி இருந்தான், பள்ளிக்கூடம் போகும் வயது ஆகாதவன்.

காலையில் சாப்பிடுவதை நாம் பசியாறுவது என்போம். கடல் தாண்டி ஊரிலிருந்து வந்த ஒருவர் என்னிடம் ஒருமுறை, "பசியாறிட்டீங்களான்னு கேக்குறீங்களே, எவ்வளவு அழகான வார்த்தை" என்று வியந்தார். அழகு என்று நான் நினைத்ததே இல்லை. அந்தச் சொல் வந்தால் எனக்கு நினைவுக்கு வருவது ரொட்டி பாயின் மோட்டார் சைக்கிள். சூலியா தெருப் பக்கமிருந்து வருவார். ரப்பர் பந்தை அமுக்கினால் வாத்து மாதிரிக் கத்துகிற ஹோர்ன். அந்தச் சத்தம் சந்து முனையில் கேட்டதும் தம்பி அவனுடைய மங்குக் குவளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். மங்கு என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, வெள்ளை எனாமல் பூசி நீல விளிம்பு வைத்த அந்தத் தகரக் குவளைதான். அவனுடையதில் ஒரு சேவல் படம் இருந்தது. சேவலின் வால் பக்கம் எனாமல் பெயர்ந்து கறுத்திருக்கும். "ரொட்டி வாங்க மங்கு எதுக்குடா, சட்டி கொண்டா" என்று பாய் கேலி செய்வார். தம்பிக்குக் கேலி புரியாது. ரொட்டியை வாங்கி வந்து, பால் ஊற்றிய தேத்தண்ணியில் முக்கி, சேவல் முகம் தெரியும்வரை உறிஞ்சிக் குடிப்பான்.

மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரும்போது அவனைத் துணி சுற்றி அப்பா மடியில் வைத்திருந்தார்.

சின்னப் பிள்ளை என்பதால் புதைத்தார்கள். அம்மா அழவில்லை. அழ வந்திருந்த பெண்களுக்கு அதுதான் பெரிய குறை. அன்றைக்குப் பிறகு ஒரு வருடம் முழுக்க அம்மா பேசியதைக் கோர்த்தால் ஒரு கடிதாசிக்குக்கூடப் போதாது. சமைப்பாள். துவைப்பாள். கேட்டதற்குத் தலையாட்டுவாள். தலை வாரிக்கொள்ள மாட்டாள். ரொட்டி பாயின் ஹோர்ன் கேட்டால் மட்டும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் சந்து முனையைத் தாண்டிப் போகும்வரை நிற்பாள்.

வருடம் திரும்பியதும் படையல் போட்டோம். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, கடலுக்கு அக்கரையில் பைராம் தோட்டத்திலிருந்து பெரிக் கப்பல் ஏறி வந்தார். எந்தக் காரியம் எப்படிச் செய்யவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை, அவருக்கும் அதே நம்பிக்கை. இலையில் ரொட்டி, பிஸ்கோத்து, ஒரு சிவப்பு பலூன். சேவல் மங்கில் தேத்தண்ணி. சூடம் காட்டியபிறகு பெரியம்மா சொன்னார்:

"பெத்தவ கூப்பிடணும். அப்பத்தான் வந்து சாப்பிடுவான்."

அம்மா குவளையிலிருந்த சேவலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடுடி. பிள்ள வாசல்ல நிக்கிறான். பசியாற வாய்யான்னு கூப்பிடு."

அம்மா வாயைத் திறந்தாள். ரொம்ப நாள் திறக்காத குழாயிலிருந்து முதலில் காற்று வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் வந்தது பேச்சு இல்லை, பாட்டு.

பசியாற வாய்யா பசியாற வா
தேத்தண்ணி ஆறிருச்சு ரொட்டியும் ஆறிருச்சு
பெத்த வயிறு ஆறலையே
பசியாற வாய்யா பசியாற வா

இதற்கு முன் அம்மா பாடி நான் கேட்டதில்லை. எங்கே கற்றாள், எப்போது கட்டினாள், தெரியாது. நின்றவர்கள் எல்லோரும் அழுதார்கள். அப்பா பலகைச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். பெரியம்மா அம்மாவைக் கட்டிக்கொண்டு, "இப்பத்தான்டி எனக்கு உசிரு வந்துச்சு. அழுது தீத்துட்டே, இனி எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். மறுநாள் காலை பெரி ஏறி ஊருக்குப் போய்விட்டார்.

அன்று காலையும் ரொட்டி பாய் வந்தார். அம்மா சேவல் மங்கில் தேத்தண்ணி ஊற்றி வாசலில் வைத்தாள். சந்துப் பக்கம் பார்த்து நின்று பாடினாள். அதே பாட்டு, ஆனால் புதிதாக ஒரு வரி. அடுத்த நாளும் பாடினாள், அதற்கு அடுத்த நாளும். படையலன்று ஒருமுறை கூப்பிடச் சொன்னார்கள். அவள் நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

இப்படித்தான் அந்த மழைக்காலம் தொடங்கியது. என் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன், சொல்ல வெட்கமாக இருந்தாலும்.

தினம் ஒரு வரி வரும். அவனுடைய ஒற்றைச் செருப்பு, அவன் வளர்த்து ஓடிப்போன நண்டு, கூரை ஒழுகும் இடத்தில் அவன் வைத்த பால் டின் எல்லாம் பாட்டுக்குள் வந்தன. நான் வாசல் படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றபடி கேட்பேன். பாடி முடித்ததும் அந்தத் தேத்தண்ணியை எனக்குக் கொடுப்பாள். ஆறிப்போய் இனிப்பாக இருக்கும். ரொட்டி பாய் எஞ்சினை நிறுத்திவிட்டு, பாட்டு முடிந்தபிறகுதான் பக்கத்து வீடுகளுக்கு ரொட்டி வெட்டுவார்.

பிறகு அம்மா தலை வாரிக்கொண்டாள். ஒரு நாள் பூ வைத்தாள். பக்கத்து வீட்டு அக்கா வயிற்றுப் பிள்ளைக்காரி. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வந்து, "ரேடியோ வாங்கலாம்னு எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லிட்டிருந்தேன், இனிமே தேவையில்ல" என்பாள். "எங்க மாமியாருக்கும் ஒரு பாட்டுக் கட்டிக் குடுங்கக்கா. அது ஒழிஞ்சா பசியாறலாம்னு." அம்மா சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் வாத்தியாரிடமெல்லாம், எங்கம்மா சிரிச்சாங்க என்று சொன்னேன். மறுநாளே மாமியாருக்கு ஒரு வரி வந்தது, வெற்றிலைப் பெட்டிக்குள் நாக்கைப் பூட்டிவைக்கும் கிழவி என்று. சந்தே சிரித்தது. அந்தக் கிழவியைத் தவிர.

இப்போது யோசித்துப் பார்த்தால் தெரிகிறது. பாட்டு அப்போது தம்பியை விட்டு மெல்ல நகரத் தொடங்கியிருந்தது. சில நாள் அவன் பெயரே வராது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அது எங்கே போயிருக்கும்? இந்தக் கேள்வியைப் பல ஊர்களுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். இறக்கிவைக்க இடம் கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருந்தார். தினமும் விடியுமுன் போய்விடுகிறவர், பாட்டை அதிகம் கேட்டதில்லை. அன்று அம்மா பாடிய வரி இது:

மண்ணு ஏத்துற லோரிக்காரா
மலை மலையா மண்ணு எடுத்தே
எம்புள்ள மேல போட்ட மண்ண
எந்த லோரியில ஏத்தி வந்தே

அம்மா அவரைக் குத்திக் காட்டிப் பாடியதாக எனக்குத் தோன்றவில்லை. சந்துப் பக்கம் பார்த்துத்தான் பாடினாள். ஆனால் பசியாறிக்கொண்டிருந்த அப்பா கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். கையைப் பார்த்தார். நகக்கண்ணில் எப்போதும் இருக்கும் செம்மண். எழுந்துபோய்ப் பின்பக்கத் தொட்டியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

மார்கழியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மழையில் சேற்றுக்குள் நண்டு பிடிக்கப் போனால் காய்ச்சல் வராமல் என்ன செய்யும்? ஆனால் எங்கள் வீட்டில் காய்ச்சல் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. அப்பா கிளினிக்குக்குக் கொண்டுபோய் மருந்து வாங்கி வந்தார். பெரியம்மாவுக்கும் ஆள் அனுப்பினார்.

பெரியம்மா வந்த அன்று மத்தியானம். பாயில் போர்த்திப் படுத்திருந்தேன். தகரக் கூரை அனலாக இறங்கியது. பக்கத்து வீட்டு மாமியார்க் கிழவியும் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"தெனமும் செத்த புள்ளைய வாசல்ல நின்னு கூப்பிடுறா. சோறு வச்சுக் கூப்பிட்டா வராமப் போகுமா? எம் மருமக வயித்துல புள்ளையோட இருக்கா. நான் எத்தன நாளா சொல்றேன், இந்த வீட்டுக்காரருக்குக் காதுல விழல."

பெரியம்மா அம்மாவைப் பார்த்தார். "தெனமுமா கூப்பிட்ட?"

அம்மா தலையாட்டினாள்.

"படையலுக்குத்தானடி கூப்பிடச் சொன்னேன். ஒரு நாளைக்கு. தெனமும் கூப்பிட்டா அவன் எங்க போவான்? இங்கயே நிக்கிறான். இப்ப வெளையாட அக்கா வேணும்னு கேக்குறான்."

"பாட்டுதான அக்கா" என்றாள் அம்மா. வாதாடுகிற குரல் இல்லை. கெஞ்சுகிற குரல். "பாடுனா கொஞ்சம் ஆறுது."

"ஒனக்கு ஆறும். இவளுக்கு?"

என் மூச்சு எனக்கே சத்தமாகக் கேட்டது. அப்பா எழுந்தார். சாமி படத்துக்கு முன்னால் போய், மஞ்சள் துணியில் நாணயத்தை முடிந்தார். வேலையாள் முதலாளியிடம் பேசுகிற மாதிரி, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"முருகா, எம் மகள எழுப்பிக் குடுத்துரு. தைப்பூசத்துக்கு இவ அம்மா தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பா. வாயக் கட்டி எடுப்பா. அதுவரைக்கும் ஒரு சொல்லு பேசமாட்டா, பாடமாட்டா."

பேயை நினைத்துத்தான் அவர் அப்படி வேண்டினார் என்று ரொம்ப காலம் நம்பியிருந்தேன். இன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மண் லோரி வரியை இன்னொரு முறை கேட்க அவருக்குத் தெம்பு இல்லை. அதை அம்மாவிடம் சொல்லவும் தெரியவில்லை. சாமியிடம் சொல்லத் தெரிந்திருந்தது. நம் ஆண்களில் பாதிப் பேர் அப்படித்தானே?

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நெற்றியில் கையை வைத்து, எடுக்கவே இல்லை. சரி என்று அவள் சொல்லவில்லை. சொல்லக்கூடாதே, விரதம் அப்போதே தொடங்கிவிட்டது.

காய்ச்சல் இறங்கியது. மருந்துக்கு இறங்கியதா, வேண்டுதலுக்கு இறங்கியதா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சேவல் மங்குக் குவளையைப் பெரியம்மா தண்ணீர் ஏறியிருந்த நேரம் பார்த்துக் கடலில் வீசினார். தண்ணீர் வடிந்ததும் போய்ச் சேற்றைக் கிளறினேன். கிடைக்கவில்லை. ரொட்டி பாயிடம் யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் எங்கள் சந்துக்குள் ஹோர்ன் அடிப்பதை விட்டுவிட்டார். நல்ல மனுஷன், நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு, களவுக்கு வந்தவர் மாதிரி வருவார். எல்லோரும் நல்லது நினைத்துத்தான் செய்தார்கள். இதில் திட்டுவதற்கு எனக்கு ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை, அதுதான் சங்கடம்.

தைப்பூசத்தன்று சாலை முழுக்க உடைத்த தேங்காய். காலுக்குக் கீழே இளநீர் பிசுபிசுத்தது. பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி. காவடிக்கு முன்னால் மேளம், பின்னால் பாட்டு. கிழவர், குழந்தை, குடிகாரர், போலீஸ்காரர், எல்லோரும் பாடினார்கள். ஊரே வாயைத் திறந்து பாடிய நாளில், அம்மா மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, பால்குடத்தைத் தலையில் வைத்து, வெறுங்காலோடு தண்ணீர்மலைப் படி ஏறினாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். துணியில் வாய் இருக்கும் இடம் நனைந்து கருமஞ்சளாக இருந்தது.

மேலே பாலைச் செலுத்தியதும் அப்பாவே முடிச்சை அவிழ்த்தார். கன்னத்தின் இரண்டு பக்கமும் துணியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"முடிஞ்சிருச்சு. இனிமே பேசலாம்" என்றார், மெதுவாக.

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முருகன் மேல ஒண்ணு பாடேன்டி. ஒனக்குத்தான் நல்லா வருமே."

அம்மா உதட்டை நனைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். நாங்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தோம். கீழே மேளம் ஓடிக்கொண்டிருந்தது.

"வெயிலு ஏறுது. போவலாம்" என்றாள்.

அதன்பிறகு அம்மா பாடவில்லை.

ஒரே ஒருமுறை நான் முயன்று பார்த்தேன். பள்ளிக்கூடம் இல்லாத ஒரு காலையில், வேறொரு மங்கில் தேத்தண்ணி ஊற்றி வாசலில் வைத்து, சந்துப் பக்கம் பார்த்து நின்று, "பசியாற வாய்யா" என்று தொடங்கினேன். கேட்டால் அடுத்த வரியை அவள் எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். சமையலறையிலிருந்து வேகமாக வந்தாள். பின்னாலிருந்து என் வாயைக் கையால் பொத்தினாள். ஈரக் கை, வெங்காய வாடை. "வேணாம்மா" என்றாள் காதருகில். "நீ நல்லாருக்கணும்."

நான் நன்றாகத்தான் இருந்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டேன். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை, ஜொகூரில் சாப்பாட்டுக்கடை, சிங்கப்பூரில் யார் யாரோ வீட்டுச் சமையலறை என்று கால் போன பக்கமெல்லாம் போனேன். கல்யாணம் ஒன்று நடந்தது, நிற்கவில்லை. ஓரிடத்தில் ஆறு மாதம் இருந்தால் உள்ளங்கால் அரிக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவளாக அம்மா ஆகியிருந்தாள். பசிக்குதா என்றால் இல்லை. வலிக்குதா என்றால் இல்லை. அப்பா போன பிறகும் அப்படியே. ஒரு லீவுக்கு வந்திருந்தபோது கேட்டேன்:

"அந்தப் பாட்டு ஞாபகம் இருக்காம்மா?"

"எந்தப் பாட்டு?" என்றாள். தெரியாத மாதிரி நடித்திருந்தால் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்கும். அவள் நடிக்கவில்லை.

அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். வருடம் திரும்பி, அடுக்குமாடி வீட்டில் படையல் போட்டேன். பெரியம்மா இன்னும் இருக்கிறார், கண் மங்கி, காதும் பாதிதான். பேரன் காரில் ஏற்றிப் பாலத்தின் வழியாகக் கூட்டிவந்தான். இலையில் ரொட்டியும் தேத்தண்ணியும் வைத்தேன். சூடம் காட்டியாயிற்று.

"பெத்த மக கூப்பிடணும்" என்றார் பெரியம்மா. "கூப்பிடுடி. இன்னிக்குக் கூப்பிடலாம்."

நான் சூடத்தட்டைக் கீழே வைத்தேன்.

"ஒங்கம்மா கூப்பிட்டாளே, தம்பிய, அந்த மாதிரி கூப்பிடு." அவரே தொடங்கினார். பல்லில்லாத வாய், காற்றாகக் குரல். "பசியாற வாய்யா... பசியாற வா..." ராகம் சரியாக இருந்தது. இத்தனை வருடமும் அதை எங்கே வைத்திருந்தாரோ. அங்கேயே நின்றுவிட்டார்.

"அப்புறம் என்னடி? அடுத்தது என்ன சொல்வா?"

எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். வெங்காய வாடை வந்தது.

"என்னடி, சத்தமாச் சொல்லு, காது கேக்கல" என்று பெரியம்மா காதோரம் கையைக் குவித்து என் பக்கம் சாய்ந்தார்.

"மறந்துபோச்சு பெரியம்மா" என்றேன்.

அவர் இலையிலிருந்த தேத்தண்ணிக் குவளையைத் தடவி எடுத்து, அதன் வெளிப்பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். ஆறியிருந்தது. மேலே ஆடை படர்ந்திருந்தது.

"சரி, நீ குடி" என்று என்னிடம் நீட்டினார்.